முப்பத்திரண்டில் ஒன்று

குன்னூர் மவுண்ட் ரோட்டிலிருந்து கீழே இறங்கும் ஒரு படிக்கட்டுச் சந்தில் எனக்குத் தையல் கடை இருக்கிறது. பன்னிரண்டடிக்குப் பத்தடி. அதற்குள் இரண்டு மெஷின், துணி ஓரம் அடிக்கும் ஒரு ஓவர்லாக், கொக்கி ஊசியால் போடும் ஆரி வேலைக்கான மரச் சட்டம் ஒன்று. நான் எழுதப் போவது ஒரு திருப்புளிப் பெட்டியைப் பற்றி. தையல்காரிக்குத் திருப்புளியோடு என்ன வேலை என்று கேட்பவர் தையல் மெஷினை ஒருநாளும் கவிழ்த்துப் பார்த்திருக்க மாட்டார். ஊசி மாற்றுவதிலிருந்து, அடிநூல் வைக்கும் பாபின் கேஸின் இறுக்கத்தைச் சரிசெய்வது வரை, திருப்புளி இல்லாமல் எங்களுக்கு ஒரு நாள் ஓடாது. ஆனால் இந்தப் பெட்டியை வாங்கியது மெஷினுக்காக அல்ல, ஒரு பழைய கேமராவுக்காக.

கேமரா 2010ல் வாங்கியது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஜப்பான் கம்பெனிக் கேமரா. பொத்தானை அழுத்தினால் லென்ஸ் அடுக்கடுக்காக வெளியே நீளுமே, அந்த வகை. ரவிக்கைகளின் கழுத்து வேலைப்பாட்டைப் படம் எடுத்து ஆல்பமாக வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்று வாங்கினேன். ஆறேழு வருடம் நன்றாக உழைத்தது. பிறகு கைப்பேசி வந்தது. கேமரா நூல்கண்டு டப்பாக்களுக்குப் பின்னால் போனது. எப்போதோ ஒரு நாள் எடுத்து அழுத்தியபோது லென்ஸ் பாதி வரை வந்து நின்றுகொண்டது. உள்ளே கிர், கிர் என்று ஏதோ அரைபடும் சத்தம். திரையில் லென்ஸ் கோளாறு என்று ஒரு வரி. திரும்பவும் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

போன வருடம் கோவையில் கல்லூரியில் படிக்கும் என் மகள், "அம்மா, அந்தப் பழைய டிஜிட்டல் கேமரா இருக்கிறதா?" என்று கேட்டாள். அவளோடு படிக்கும் பிள்ளைகள் இப்போது இந்த மாதிரிக் கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம். பிளாஷ் போட்டு எடுத்தால் முகம் வெளுத்து, பின்னால் எல்லாம் இருட்டாக விழுமே, அதுதான் அவர்களுக்கு வேண்டுமாம். அப்படி விழக்கூடாது என்று டியூப்லைட்டுக்குக் கீழே நாற்காலி போட்டு ஏறி நின்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இருந்தாலும் பிள்ளை கேட்கிறாள்.

ஊட்டியில் ஒரு கடையில் காட்டினேன். திறந்து பார்க்க மட்டும் 600 ரூபாய், சரியாகும் என்ற உறுதி கிடையாது என்றார். கோவையில் இன்னொருவர், இந்த மாடலுக்கு உதிரி பாகமே வருவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இழைவிட்டுப்போன முகூர்த்தப் புடவையை நீட்டி, "இதை வெட்டி ரவிக்கை தைத்துத் தர முடியுமா" என்று யாராவது கேட்டால் நானும் முதலில் கையைக் கட்டிக்கொண்டுதான் பார்ப்பேன். பாழானால் பழி தைத்தவள் தலையில்.

அப்போதுதான் இந்தப் பெட்டியை இணையத்தில் வாங்கினேன். 349 ரூபாய். சிவப்புப் பெட்டி; உள்ளே 32 முனைகள், காந்தம் வைத்த ஒரு பிடி, வளைகிற கம்பி ஒன்று, இடுக்கி ஒன்று, கண்ணாடித் திரையைத் தூக்க ஒரு ரப்பர் உறிஞ்சி. இதே பெட்டி ஐந்தாறு பெயர்களில், ஐந்தாறு நிறங்களில் விற்கிறது. ஆகவே பெயர் எழுதிப் பயனில்லை. அது வந்து சேர்ந்தது அக்டோபர் கடைசியில், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்திருந்த வாரத்தில். கோத்தகிரி வழியாகச் சுற்றி வந்ததில் நான்கு நாள் தாமதம். அதற்காக மதிப்பெண் குறைக்கவில்லை, மலை செய்த தாமதத்துக்குப் பெட்டி என்ன செய்யும்.

பார்வைக்கு லட்சணமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முனைக்கும் தனி ரப்பர்ப் பள்ளம். பிடியின் தலை தனியாகச் சுழல்கிறது. உள்ளங்கையால் தலையை அழுத்திக்கொண்டு விரல்களால் திருப்பலாம். இது நல்ல யோசனை, இதற்கு முழு மதிப்பெண். இடுக்கி சுத்த மோசம். அதன் இரண்டு நுனிகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. என் ஆரி ஊசிகளை எடுக்கும் இடுக்கியின் கால் தூசிக்குப் பெறாது. முனைகளின்மேல் அளவை மையால் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு முறை விரல் பட்டதும் மை போய்விட்டது.

கேமராவின் வெளிக்கூட்டில் ஆறு திருகாணிகள். தலை ஒவ்வொன்றும் கேழ்வரகு மணியைவிடக் கொஞ்சம் பெரிது. எல்லாம் கூட்டல் குறி போட்டவை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது 'கிறீச்' என்றது. பார்த்தால் கூட்டல் குறி வட்டமாகிவிட்டது. நான்காவதும் அதே கதை. ஐந்தாவதில் கை வைக்கவில்லை. நாலு தையல் கோணலாகப் போனால் ஐந்தாவதைப் போடாமல் பிரிக்க உட்காருவதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம்.

வழுக்கிப்போன திருகாணிக்கு ரப்பர் பட்டையை நடுவில் வைத்துத் திருப்பச் சொல்வார்கள். வைத்தேன். ரப்பர் கிழிந்தது. இது பெரிய திருகாணிகளுக்கு வேண்டுமானால் உதவலாம், கேழ்வரகு அளவுக்கு உதவாது.

மார்க்கெட்டுக்குள் நகை வேலை செய்யும் பத்தர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை ஒட்டி இருக்கும். அவர் வீட்டு ரவிக்கைகள் எல்லாம் என்னிடம்தான் தைக்க வரும். கேமராவையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு முதலில் அவர் பார்த்தது கேமராவை அல்ல, முனையை. கெடாமல் இருந்த ஐந்தாவது திருகாணியில் அதை வைத்து விரலால் லேசாக ஆட்டினார். ஆடியது.

"டெய்லரம்மா, பிடி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? முனை போய் உட்காரவே இல்லையே" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில்தான் விஷயம் விளங்கியது. கூட்டல் குறி போட்டதெல்லாம் ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நம் ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பிலிப்ஸ் வகை; 1930களில் அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் பெயரில் வந்தது. ஜப்பான்காரர்களுக்கு அவர்களுடைய தொழில் தரம் தனி, ஜே.ஐ.எஸ். என்று பெயர். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். ஆனால் பிலிப்ஸ் முனையில் நான்கு இறக்கைகளும் சேருகிற மூலைகள் கூடுதலாக வளைந்திருக்கும். அதனால் ஜப்பான் பள்ளத்துக்குள் அடி வரை இறங்காமல் பாதியில் நின்றுவிடும். காஜாவுக்குள் பாதி மட்டும் நுழைந்த பட்டன் மாதிரி, பார்க்கப் போட்டது போலத்தான் இருக்கும், கையைத் தூக்கினால் கழன்றுவிடும். போதாததற்கு இந்தக் குட்டித் திருகாணிகளின் மரையில் கழன்றுவிடாமல் இருக்கக் கம்பெனியிலேயே ஒரு பசையைத் தடவி இறுக்கியிருப்பார்கள். முதல் கால் திருப்பில்தான் அந்தப் பசை உடைய வேண்டும். முனை உட்காராமல் அந்தக் கால் திருப்பைத் திருப்பினால் பள்ளம் அரைபட்டுப் போகும்.

என் பெட்டியில் 32 முனைகள் இருக்கின்றன. நட்சத்திரம் இருக்கிறது, முக்கோணம் இருக்கிறது, அறுகோணம் இருக்கிறது, ஐந்து இதழ்ப் பூ இருக்கிறது. ஜப்பான் கூட்டல் குறி ஒன்று கூட இல்லை.

ஆகவே இரண்டு தனித் திருப்புளிகள் வாங்கினேன். ஒசாகா நகரத்து வெசல் நிறுவனத்துடையவை. 1916ல் தொடங்கிய நிறுவனம். இரண்டு சைபர் (00) அளவில் ஒன்று, மூன்று சைபர் (000) அளவில் ஒன்று. இரண்டும் சேர்ந்து, வரவழைத்த செலவோடு 1,180 ரூபாய். ஒரு பட்டு ரவிக்கைக்கு ஆரி வேலையோடு நான் வாங்கும் கூலியில் பாதி. வாங்கிய அன்று வயிறு எரிந்தது உண்மை. ஆனால் கெடாத ஐந்தாவது திருகாணியில் வைத்துக் கையை எடுத்தேன், திருப்புளி தானாக நின்றது. காந்தத்தால் அல்ல, உட்கார்ந்த உட்காரலால். அழுத்துவதில் ஏழு பங்கு, திருப்புவதில் மூன்று பங்கு என்று ஒரு கணக்குச் சொல்கிறார்கள். அப்படியே செய்தேன். 'டக்' என்று ஒரு சின்ன அதிர்வு விரலுக்குத் தெரிந்தது, பசை உடைந்துவிட்டது. வழுக்கிப்போன இரண்டில் ஒன்று கூட இதற்கு மசிந்தது. இன்னொன்றுக்குப் பத்தர்தான் கதி. சுற்றிலும் டேப் ஒட்டி, பக்கத்தில் காந்தம் வைத்து, நகை அறுக்கும் நூலிழை ரம்பத்தால் அதன் தலையில் ஒரு கோடு கிழித்துக் கொடுத்தார். கூலி வேண்டாம் என்றார், மருமகள் ரவிக்கைக்கு ஊக்கு வைத்துக் கொடுத்தால் போதுமாம். தோட்டுத் திருகாணி செய்தே கண் போனவர். இதையும் செய்து கொடுத்தார்.

இவ்வளவும் நடந்து முடிந்தபோது நவம்பர் நடுவாகிவிட்டது. கேமராவை அதற்குமேல் நான் திறக்கவில்லை. காரணம் மழை. தென்மேற்குப் பருவமழை ஊட்டிப் பக்கத்தையும் கூடலூர்ப் பக்கத்தையும் நனைக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் பெரிய மழை அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குதான். அந்த மாதங்களில் கடைக்குள் தைத்து மாட்டிய ரவிக்கைகூட மறுநாள் காலையில் தொட்டால் சில்லென்று ஈரமாக இருக்கும். அந்தக் காற்றை லென்ஸுக்குள் அடைத்து மூடினால் பிறகு வளரப்போவது பூஞ்சைதான். ஆகவே ஜனவரி வரை காத்திருந்தேன். காலையில் புல்லின்மேல் பனி வெளுத்துக் கிடக்கும், பத்து மணிக்குமேல் சுள்ளென்று வெயில், காற்றில் ஈரமே இல்லாத நாட்கள்.

தூசியைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் அப்பா ஊட்டி இந்து நகரில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1967ல் அங்கே உற்பத்தி தொடங்கியது. அப்பா எழுபதுகளில் சேர்ந்தார். பிலிம்மேல் ரசாயனம் பூசும் வேலை நடந்ததெல்லாம் இருட்டில். அந்த இருட்டில் பழகிய மனிதர், வீட்டில் விளக்கு அணைந்தாலும் எதிலும் இடித்துக்கொள்ளாமல் நடப்பார். ஒரு தூசி விழுந்தால் ஒரு சுருள் பிலிம் போச்சு என்பார். வீட்டில் போர்வையை உதற வேண்டும் என்றால் வாசலுக்குத்தான் போக வேண்டும். அவர் வைத்திருந்த ரப்பர் ஊதுபந்து இன்னும் என்னிடம் இருக்கிறது. ரப்பர் கொஞ்சம் இறுகிவிட்டது, ஆனால் ஊதுகிறது. லென்ஸைச் சுத்தம் செய்யக் கடையில் விற்கும் எந்த ஊதுபந்தையும் நான் வாங்காததற்கு அதுதான் காரணம். ஆகவே அவற்றைப் பற்றி இங்கே மதிப்புரை இல்லை. வாயால் மட்டும் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

தூசி ஒரு பக்கம் என்றால் சுவெட்டர் இன்னொரு பக்கம். காற்று உலர்ந்திருக்கும் நாளில் கம்பளி உடுப்பைக் கழற்றும்போது சடசடவென்று பொறி பறக்குமே, அந்த மின்சாரம் விரல் நுனி வழியாகக் கேமராவின் சர்க்யூட் பலகையில் இறங்கினால் சில்லுகள் பாழாகிவிடும். ஆகவே பருத்திச் சேலை, பருத்தி ரவிக்கை. பின்பக்கத்துத் தண்ணீர்க் குழாயை ஒருமுறை தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். குன்னூரில் ஜனவரி மாதம் சுவெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு நடுங்கிக்கொண்டே வேலை பார்த்த ஒரே தையல்காரி நானாகத்தான் இருப்பேன்.

இனிமேல் சொல்லப்போவது பயமுறுத்துவதற்காக அல்ல, ஆனால் பயப்பட வேண்டியதுதான். பிளாஷ் உள்ள எந்தக் கேமராவிலும் ஒரு கப்பாசிட்டர் இருக்கும், சுண்டுவிரலின் பாதி நீளத்தில் ஒரு கறுப்பு உருளை. அதில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டால் அது போய்விடாது. எங்கள் சந்தில் டிவி மெக்கானிக் தம்பி ஒருவர் இருக்கிறார். வெளிக்கூட்டைத் திறந்ததும் அவரைக் கூப்பிட்டேன். பேட்டரியை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மீட்டரை வைத்தார்: 180. "அக்கா, நாளைக்கு மெஷின் மிதிக்க வேண்டுமா வேண்டாமா?" என்று கேட்டார். திருப்புளியைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது திருப்புளியையும் கெடுக்கும், சில நேரம் பலகையையும் சேர்த்துக் கெடுக்கும். தேங்கிய மின்சாரத்தை மெல்ல வடிக்க அவர் பத்து ரூபாய்க்கு ஒரு ரெசிஸ்டர் கொடுத்தார், 2 கிலோ ஓம், 5 வாட். இரண்டு கால்களையும் இன்சுலேஷன் டேப்பால் சுற்றி, நுனியை மட்டும் விட்டு, கப்பாசிட்டரின் இரண்டு முனைகளிலும் சில விநாடி பிடிக்க வேண்டும். மறுபடி மீட்டர். சைபர் வந்த பிறகுதான் விரல். மீட்டர் இல்லாதவர்கள், இருக்கிறவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து திறங்கள். இந்தப் பத்து ரூபாய்ப் பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து.

திருகாணிகளை அடுக்கும் விஷயத்தில் நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ளலாம். ஆறு திருகாணிகளும் பார்க்க ஒன்று, நீளத்தில் வேறு. நீளமானதைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் அது உள்ளே போய் எதையாவது குத்தும். முதலில் கைப்பழக்கத்தில் துணியில் குறிபோடும் மார்க்கிங் சாக்கை எடுத்துவிட்டேன். நல்லவேளை, அதன் தூள் நினைவுக்கு வந்தது. பென்சிலால் ஒரு வெள்ளைத்தாளில் கேமராவின் நான்கு பக்கங்களையும் வரைந்து, ஒவ்வொரு ஓட்டையும் இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, கழற்றிய திருகாணியை அங்கேயே நட்டேன். ரவிக்கைத் துணியை வெட்டி அங்கங்கே எண் எழுதி வைப்பது போலத்தான். சில பெட்டிகளோடு வரும் காந்தத் தட்டெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கூட்டைப் பிரிக்க மெல்லிய பிளாஸ்டிக் நெம்பிகள் தனியாக விற்கின்றன, 150 ரூபாய்க்கு ஆறு. வாங்க வேண்டாம். ஆண்கள் சட்டையின் காலர் மடங்காமல் நிற்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் பட்டை வைப்போமே, அது இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. கூட்டின் இடுக்கில் நுழைத்து மெதுவாக நகர்த்தினால் உள்ளே மாட்டியிருக்கும் கொக்கிகள் ஒவ்வொன்றாக 'டொக், டொக்' என்று விடும். கீறல் விழவில்லை.

உள்ளே இருந்ததைப் பார்த்தபோது சற்று நேரம் கை ஓடவில்லை. இவ்வளவு நெருக்கமாக ஒரு பொருளை யார் அடுக்கினார்களோ. பலகைக்கும் லென்ஸுக்கும் திரைக்கும் நடுவே ரிப்பன் போன்ற தட்டை வயர்கள், பழுப்பு நிறத்தில், தாளைவிடக் கொஞ்சம் தடிமனாக. அவற்றைப் பிடித்து இழுக்கக்கூடாது. ரிப்பன் நுழையும் இடத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தாழ்ப்பாள் இருக்கும். சிலவற்றில் மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் இரண்டு ஓரத்தையும் பிடித்து முன்னால் நகர்த்த வேண்டும். எது எந்த வகை என்று பார்க்காமல் நெம்பினால் தாழ்ப்பாள் பறந்துபோகும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பவர் இன்னும் பிறக்கவில்லை. இங்கே எனக்குக் கைகொடுத்தது கழுத்து வளைக்கக்கூடிய எல்.இ.டி. விளக்கு, பூதக்கண்ணாடியோடு சேர்ந்தது. ஆரி வேலைக்காக 900 ரூபாய்க்கு முன்பே வாங்கியிருந்தேன். ஒரு வீட்டில் கேமரா திறப்பதற்கு மூன்றே மூன்று பொருளுக்குத்தான் காசு செலவழிக்க வேண்டும் என்றால் அந்த இரண்டு திருப்புளிகளுக்கு அடுத்தது இந்த விளக்கைத்தான் சொல்வேன்.

லென்ஸ் தொகுதியைத் தனியாக எடுத்து, பக்கவாட்டில் மோட்டாருக்கு மேலிருந்த மூடியைக் கழற்றினேன். வெள்ளைப் பற்சக்கரங்கள் வரிசையாக நான்கு. விளக்கைச் சாய்த்துப் பார்த்தால், கடைசிச் சக்கரத்துக்கும் லென்ஸ் குழலின் பற்களுக்கும் நடுவே ஏதோ ஒன்று பச்சையும் கறுப்புமாக. ஆரி இடுக்கியால் பிடித்து இழுத்தேன்.

ஜர்தோசிக் கம்பி. சுருள் சுருளாக வருமே, அதை வெட்டி மணி போல ஊசியில் கோர்த்துத் தைப்போமே, அதில் ஒரு துண்டு. எள்ளில் பாதி நீளம் இருக்கும். ஈரத்தில் களிம்பேறி, நசுங்கி, பற்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது. எந்தக் கல்யாண ரவிக்கையை மேசைமேல் விரித்து வைத்து, அதன்மேல் கேமராவை நீட்டிக்கொண்டு நின்றேனோ. லென்ஸ் உள்ளே போகும்போது குழலின் இடுக்கில் அதுவும் கூடவே போயிருக்கிறது. தயாரித்தவர்களை இத்தனை வருடம் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். குற்றவாளி என் மேசையில்தான் இருந்திருக்கிறது.

சக்கரங்களில் எண்ணெய் விடலாமா என்று தோன்றும். மெஷின் எண்ணெய் பக்கத்திலேயே இருக்கிறது, கை பரபரக்கும். விடாதீர்கள். அது பரவிப் பரவி லென்ஸ் கண்ணாடிக்கும் ஷட்டர் தகடுகளுக்கும் போய்விடும். ஏற்கனவே இருந்த கிரீஸே போதும்.

இத்தோடு மூடியிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது? லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே ஓரத்தில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை தெரிந்தது. மலையில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோலம் பழக்கமானதுதான். இருட்டும், அசையாத காற்றும், 60, 70 சதவீதத்துக்குமேல் ஈரப்பதமும் கிடைத்தால் அது பிடித்துக்கொள்ளும். நூல்கண்டு டப்பாக்களின் பின்புறத்தைவிட அதற்கு வசதியான இடம் எது? பின்பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்க வேண்டுமானால், படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் பொருத்திய தகட்டைக் கழற்ற வேண்டும். அதற்கு மூன்று திருகாணிகள். முதலாவதைத் திருப்பிய பிறகுதான் கவனித்தேன், மூன்றின் தலையிலும் ஒரு சொட்டு மெழுகு மாதிரி முத்திரை வைத்திருக்கிறார்கள், அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. அவை சும்மா பிடித்து நிற்கும் திருகாணிகள் அல்ல. சென்சார் லென்ஸுக்கு நேராக, சாயாமல் நிற்க, கம்பெனியில் அளந்து இறுக்கிய திருகாணிகள். மற்ற இரண்டையும் எத்தனை சுற்று என்று எண்ணிக் கழற்றினேன். முதலாவதன் கணக்கு போனது போனதுதான்.

பின்கண்ணாடியை 99 சதவீத ஐசோபுரோபில் ஆல்கஹாலால், நடுவிலிருந்து வெளியே வட்டமாகத் துடைத்தேன். கை கழுவும் சானிடைசர் ஆகாது, அதில் தண்ணீரும் பசபசப்பும் சேர்ந்திருக்கும். பின்பக்கத்துப் பூஞ்சை போய்விட்டது. ஆனால் அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்த இடத்தில் ஒரு மங்கல் நிற்கிறது, அதை எதுவும் அழிக்காது. நடு அடுக்கில் இருக்கும் இன்னொரு கோலத்தை நான் தொடவில்லை. தொடுவதற்குத் தைரியம் மிச்சமில்லை.

திரும்பப் பூட்ட மூன்று மணி நேரம். பேட்டரியைப் போட்டு அழுத்தினேன். லென்ஸ் முழுதாக நீண்டது, உள்ளே போனது, மறுபடி நீண்டது. நான் எடுத்த முதல் படம் எதிரே இருந்த மெஷினின் படம். இடது பக்கம் கூர்மை, நடுவில் கூர்மை, வலது ஓரம் மட்டும் கொஞ்சம் கலங்கல். அந்த முதல் திருகாணியின் கணக்கு. அரைச் சுற்று அப்படியும் இப்படியும் வைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் தெளிந்தால் இன்னொரு பக்கம் கலங்கியது. விட்டுவிட்டேன். பொங்கல் விடுமுறைக்கு வந்த மகள் படத்தைப் பார்த்தாள். "அம்மா, இந்த வலது ஓரம்தான் அழகாக இருக்கிறது" என்றாள். அவர்கள் தலைமுறைக்குக் கலங்கல் அழகு. நான் வாயைத் திறக்கவில்லை.

கேமரா இப்போது அவளிடம் கோவையில் இருக்கிறது. வடாம் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டுக் கொடுத்தனுப்பினேன். ஆரஞ்சு நிறம் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகிவிடும். சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சு. நீலநிற வகை வேண்டாம், அதில் சேரும் கோபால்ட் உப்பு உடம்புக்கு ஆகாது. டப்பாவுக்குள் ஈரப்பதம் 45, 50 சதவீதத்தில் இருந்தால் போதும். அதற்கும் கீழே உலர்த்த வேண்டாம்.

இனிப் பெட்டிக்கு வருவோம். வாங்கலாமா என்று கேட்டால், கேமரா திறக்க என்றால் கண்டிப்பாக வேண்டாம். ஐந்துக்கு ஒன்றரை, அந்த அரை சுழலும் பிடித் தலைக்காக. கைப்பேசியின் பின்மூடியைக் கழற்ற, கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை இறுக்க என்றால் பரவாயில்லை. 32 முனைகளில் நான் இதுவரை வேலை வாங்கியது நான்கு. அவற்றில் ஒன்று, மிகச் சிறிய தட்டை முனை, இப்போது பெட்டியிலேயே இல்லை. பாபின் கேஸின் பக்கத்தில் நூலின் இறுக்கத்தை மாற்ற ஒரு பொடித் திருகாணி இருக்குமே, அதில் அது கச்சிதமாகப் போய் உட்காருகிறது. பிடியோடு சேர்த்து அதை மெஷின் மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். சிவப்புப் பெட்டியில் மீதி 31ம் பரணில் இருக்கின்றன; யாருக்காவது நட்சத்திர முனை வேண்டுமென்றால் கடைக்கு வந்து கேட்கலாம்.